கண்ணில் பட்ட சீட்டு

சிதம்பரத்தில் நடந்த ஒரு ரம்மிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் நான் ஏமாற்றி ஜெயித்தேன். கையிலிருந்த சீட்டு ஒன்றை, எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணில் படும்படி வேண்டுமென்றே சாய்த்தேன். பட்டால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். சொன்னார். சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தோற்கடித்தேன். ஆறு வருஷம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளிப்பூச்சுக் கோப்பை நின்றது. அது வந்த வழி இதுதான்.

கடலூர் கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் வக்கீலாக இருந்தேன். அங்கே செய்த சின்னத்தனங்களுக்கெல்லாம் ஒரு சமாதானம் கைவசம் உண்டு, கட்சிக்காரருக்காகச் செய்தேன் என்று. இதை எனக்காகச் செய்தேன். அதனால்தான் எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதிரே இருந்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஒருமுறை அவர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி நான் செய்தது போதும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கிளப்பில் எல்லோரும் அவரை எக்சேஞ்ச் அம்மா என்றுதான் சொல்வோம். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில், ஊரில் பாதிப் பேர் பேசிய நல்லதும் கெட்டதும் அவர் காதைத் தாண்டித்தான் போயிருக்கும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் வலைக்காரர் வீட்டில் பிறந்து, படித்து, அந்த வேலைக்குப் போன முதல் பெண் அவர் என்று சொல்வார்கள். நான் அவரை அறிந்தபோது காது பாதிக்கு மேல் மந்தமாகிவிட்டிருந்தது. "முப்பது வருஷம் ஊரு பேச்சக் கேட்ட காது சார், அதுவும் ரிடையர் ஆயிடுச்சு" என்பார், தேவைக்கு மேல் உரக்க.

அவர் கணவர் எங்கள் கிளப்பின் பழைய உறுப்பினர். அவர் போன பிறகு உறுப்பினர் உரிமை மனைவிக்கு வந்தது. 2004இல் ஒருநாள் மாலை நாலு மணிக்கு நேராகச் சீட்டறைக்குள் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அந்த அறைக்குள் பெண்கள் யாரும் வந்ததில்லை. செயலாளர் பதறிப்போய் என்னிடம் வந்தார். "வக்கீல் சார், நம்ம ரூல்ஸ்ல இடம் இருக்கா?" விதிகளை எழுதியவனே நான்தான். வரக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை, யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான் என்றேன். ஆக, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவனும் நானே.

முந்திரி வியாபாரி ஒருவர் எங்கள் மேசையில் நிரந்தரம். அண்ணாகிராமம் பக்கம் தோப்பு, வாயில் எப்போதும் கேலி. அவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"யக்கா, இங்க சிகரெட்டு வாசன ஜாஸ்தி."

"இன்னா சொல்றீங்க?"

"சிகரெட்டு! வாசன!"

"அதுக்கின்னா, ஜன்னல தொறந்துக்கலாம்." எழுந்து போய்த் திறந்தார். இருபது வருஷமாகத் திறக்காத ஜன்னல். கொக்கி துரு கொட்டியது. அதன் பிறகு அவர் வந்த நாளெல்லாம் அது திறந்தே இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே அந்தச் சங்கதி நடந்தது. பதின்மூன்று சீட்டு ரம்மி. முந்திரி வியாபாரி கையை விரித்துப் பிடித்துக்கொண்டு தும்மினார். எக்சேஞ்ச் அம்மா தன் முறை வந்ததும் சீட்டு எடுக்கவில்லை.

"அண்ணே, உங்க சீட்டு ஒண்ணு என் கண்ணுல பட்டுடுச்சு."

"எது?"

"இங்க வச்சி சொன்னா மத்தவங்களுக்கும் தெரிஞ்சிடும்ல."

"பட்டா பட்டுட்டுப் போவுது. அதுக்கு ஏன் மைக்செட்டு கட்டுற? கம்முன்னு ஆட வேண்டியதுதான?"

"கம்முன்னு ஆடுனா நான் பதினாலு சீட்டு வச்சி ஆடுற மாதிரி ஆயிடும். இந்தாங்க, என்னுத ஒண்ணு பாத்துக்குங்க." தன் கையிலிருந்து ஒரு சீட்டை உருவி, அவருக்கு மட்டும் தெரியும்படி காட்டிவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். "இப்ப சரியாப் போச்சு."

நாங்கள் சிரித்தோம். வீடு போகும் வழியெல்லாம் முந்திரி வியாபாரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் என் சீட்டு ஒன்றைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "யோவ் வக்கீலே, ஒண்ணு பட்டுடுச்சுய்யா, இந்தா" என்று தன் சீட்டைக் காட்டியவரும் அவர்தான். ஒரு வருஷத்தில் அது எங்கள் கிளப் வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்த விதியிலும் எழுதவில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை. கண்ணில் பட்டால் சொல்வது, சொன்னால் ஒன்றைக் காட்டுவது. சீட்டறையில் முன்னெல்லாம் எல்லோரும் கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஆடுவோம். அந்த இரண்டு வருஷம் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தோம். அது எவ்வளவு சுகம் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

கண்ணுக்கு ஒரு சட்டம் என்றால் காதுக்கு அவரிடம் வேறு சட்டம். முந்திரி வியாபாரி விடாமல் நோண்டுவார்.

"யக்கா, அந்தக் காலத்துல எங்கப்பாரு மெட்ராசுக்கு யாருகிட்டயோ அடிக்கடி டிரங்க் கால் போடுவாராமே. யாரு அது?"

"லைன் கட்டாயிடுச்சு" என்பார் எக்சேஞ்ச் அம்மா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மா சொல்லுக்கா, அவுருதான் போயி சேந்துட்டாரே."

"அவுரு போனா இன்னா, லைன் லைன்தான்."

யார் என்ன கேட்டாலும் இதே பதில். யாரோ ஒருவர் வீட்டுச் சம்பந்தம் ஏன் நின்றுபோனது, எந்தத் தேர்தலில் யார் யாருக்குப் பேசினார், எதையும் அவர் வாயிலிருந்து வாங்க முடிந்ததில்லை. காதில் விழுந்ததைச் சொல்லக் கூடாது, கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் அவர்.

ஜெயித்தால் மேசையில் அடித்துப் போடமாட்டார். மற்றவர்கள் 'ஷோ' என்று கத்துவோம். அவர் சீட்டை மூடி வைத்து, "முடிஞ்சிடுச்சுங்க" என்று எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் விரிப்பார். தோற்றவர் சீட்டுக்கட்டைக் கலைத்து, நேராக்கி, மேசை நடுவில் வைக்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பின் பழைய மரியாதை. பலர் அதை முணுமுணுத்துக்கொண்டே செய்வோம். அவர் செய்யும்போது ஓரங்களைக் கட்டை விரலால் தட்டித் தட்டிச் செங்கல் மாதிரி ஆக்கி வைப்பார்.

ஒருமுறை சிதம்பரத்திலிருந்து விளையாட வந்த ஒரு டாக்டர் அவசரத்தில் தப்பாக விரித்துவிட்டார். தப்பு ஷோவுக்கு முழுப்புள்ளி. எழுதப் பேனாவை எடுத்தாயிற்று. எக்சேஞ்ச் அம்மா குனிந்து பார்த்து, "டாக்டர், அந்த டைமன் எட்ட இந்தப் பக்கம் மாத்தி வைங்க. உங்க ஆட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார். மாற்றி வைத்தால் சரியாக இருந்தது. அதனால் தோற்றவர் எக்சேஞ்ச் அம்மாதான். இது பெருந்தன்மை இல்லை, முட்டாள்தனம் என்று அன்று நினைத்தேன். எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துக் கொடுப்பவரை என் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.

இனி அந்தப் போட்டி.

எங்கள் கிளப்புக்கும் சிதம்பரத்தில் ஒரு கிளப்புக்கும் வருஷம் ஒருமுறை பொங்கலை ஒட்டிப் போட்டி. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. பந்தயம் கிடையாது. ஒரு கோப்பை, ஜெயித்தவர் பெயர் வெட்டி அவருக்கே கொடுத்துவிடுவார்கள். நான் இரண்டு தடவை கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தேன். ஓய்வு பெற்ற வக்கீலைக் கோர்ட் வாசலில்கூட யாரும் தேடமாட்டார்கள். அந்தக் கோப்பை எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2006இல் போட்டி சிதம்பரத்தில். இரண்டு நாள் ஆட்டம் முடிந்து, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசி மேசையில் மிஞ்சியவர்கள் இருவருமே கடலூர்க்காரர்கள். நானும் எக்சேஞ்ச் அம்மாவும்.

ரம்மியில் புள்ளி ஏற ஏற ஆள் கீழே போவார். இருநூற்று ஒன்றைத் தொட்டவர் வெளியே. எனக்கு நூற்று எண்பத்தெட்டு. அவருக்கு நூற்று முப்பது. அடுத்த ஆட்டத்தில் நான் சும்மா தோற்றாலே போதும், முடிந்தது. அவரை வீழ்த்த வேண்டுமானால் எண்பது புள்ளி, அதாவது முழுப்புள்ளி, ஒரே ஆட்டத்தில் அவர் தலையில் விழ வேண்டும். அவர் ஆட்டத்துக்கு அது நடக்காத காரியம். சீட்டு போட்டார்கள். என் கையில் ஒன்றுமே சேரவில்லை. அவர் நாலாவது சுற்றிலேயே சீட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டார். ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

அப்போது பதினாலாம் விதி ஞாபகம் வந்தது.

பல வருஷத்துக்கு முன் ஒரு ஆள் பளபளக்கும் எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு, சீட்டுப் போடும்போது அதில் தெரியும் நிழலைப் பார்த்து ஆடிவந்தான். அவனுக்காக நான் எழுதிய விதி அது; போட்டிக்கும் எங்கள் விதிப் புத்தகம்தான். எதிராளியின் சீட்டைப் பார்த்தவர் அந்த ஆட்டத்துக்கு முழுப்புள்ளி ஏற்க வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்த்தவர் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதும்போது அது கவனக்குறைவு. அந்த ஞாயிற்றுக்கிழமை அது வசதியாகிவிட்டது.

வலது கையை நீட்டி நடுவிலிருந்து ஒரு சீட்டு எடுத்தேன். எடுக்கும்போது இடது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினேன். ஓரத்தில் இருந்த ஆட்டின் ராணி, சிவப்பு இதயம் போட்ட ராணி, அவர் பக்கம் பார்த்தது. ஒரு நொடிதான்.

"வக்கீல் சார், உங்க ஆட்டின் ராணி என் கண்ணுல பட்டுடுச்சு" என்றார். ரெண்டே பேர் ஆட்டம் என்பதால் பெயரையே சொன்னார். "இந்தாங்க, என்னுத பாத்துக்குங்க." கிளாவர் ஏழு சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நான் நடுவர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினேன். "விதி பதினாலு."

அவருக்குக் காதில் விழவில்லை. நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்தபடியே சீட்டு எடுக்கக் கையை நீட்டினார்.

பின்னால் நின்று வேடிக்கை பார்த்த முந்திரி வியாபாரி, "இன்னா சார், வெளாட்டா?" என்றார். நான் கையை இறக்காததைப் பார்த்து அவர் முகம் மாறியது. "யோவ், அது நம்ம பழக்கம்யா. நீயும் எனக்குக் காட்டியிருக்க, நானும் உனக்குக் காட்டியிருக்கேன்."

நடுவர் சிதம்பரத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படித்தார். பிறகு புள்ளி எழுதும் தாள் ஒன்றின் பின்புறத்தில் எதையோ எழுதி எக்சேஞ்ச் அம்மா முன்னால் நகர்த்தினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'எதிராளியின் சீட்டைப் பார்த்தீர்களா?'

இல்லை என்று எழுதியிருக்கலாம். வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். பேனாவை வாங்கி, 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் சீட்டுகளைக் கீழே விரித்தபோது பார்த்தேன். ஆட்டின் ராணி அவருக்கு எதற்கும் உதவாது. ஒரு சீட்டு குறை, அதுவும் எந்தப் பக்கம் வந்தாலும் முடியும் கை. நான் செய்ததைச் செய்யாமலிருந்தால் இன்னும் ஓரிரு சுற்று. அவர் எல்லாச் சீட்டையும் கூட்டினார். என்னுடையதையும் வாங்கிச் சேர்த்துக் கலைத்தார். ஓரங்களைத் தட்டிச் செங்கலாக்கி மேசை நடுவில் வைத்தார். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

கடலூர் திரும்பும் வேனில் என் பக்கத்தில் கோப்பை இருந்தது. அவர் வேனில் வரவில்லை. பஸ் பிடித்துப் போய்விட்டார் என்றார்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து சேர்வதற்குள் கதை சுருங்கிவிட்டது. பார்த்தார், பார்த்ததைத் தானே சொன்னார் என்பதுதான் நடந்தது. 'சொன்னார்' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 'பார்த்தார்' மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. ஒரு பெண் சீட்டறையில் உட்கார்ந்ததை இரண்டு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்த சிலர், இப்போது பொறுக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டார்கள். "குப்பத்து ஆளுங்களுக்குக் கண்ணு கூர்ம சார், தண்ணிக்குள்ள மீனப் பாக்குற கண்ணாச்சே" என்று ஒருவர் சொல்லி நாலு பேர் சிரித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டி கூடியது. கிளப்பின் நற்பெயரை முன்னிட்டு அவர் சீட்டறைக்கு வராமலிருப்பது நல்லது என்று ஒரு கடிதம் அனுப்ப முடிவானது. "மனசு நோவாத மாதிரி எழுதணும். நீங்க எழுதினாத்தான் சார் சரியா இருக்கும்" என்றார் செயலாளர். எழுதிக் கொடுத்தேன். அவர் பெயரை முதல் வரியில் மரியாதையாகப் போட்டு, எட்டு வரி. நல்ல தமிழ்.

காது போன ஒருவருக்கு அந்த அறை என்னவாக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. கல்யாண வீட்டில், கோயிலில், சொந்தக்காரர் கூடத்தில், எல்லா இடத்திலும் பேச்சுத்தான். பேச்சு எட்டாத ஆள் ஒரு ஓரமாகத்தான் உட்கார வேண்டும். சீட்டு மேசையில் மட்டும் காது தேவையில்லை. எல்லாமே கண் முன்னால். அவருக்கு மீதியிருந்தது கண். அதைத்தான் திருட்டுக் கண் என்று எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன்.

நூலகப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஒரு தரம் வந்தார். சீட்டறைப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு வீட்டைக் காலி செய்து சிதம்பரத்தில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஜன்னலை யார் சாத்தினார்கள் என்று தெரியாது. சாத்தியிருந்தது. ஒருநாள் என் சீட்டு முந்திரி வியாபாரியின் கண்ணில் பட்டது. பட்டது எனக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆடினார். நான் முறைத்தேன்.

"இன்னா சார் பாக்குற? சொன்னவங்களுக்குக் கெடச்சது இன்னான்னு பாத்தோமே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மேசையில் யாரும் சொன்னதில்லை. எல்லோரும் மறுபடி கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டோம்.

இப்படியே வருஷங்கள் போயின. 2011 முடியும்போது 'தானே' என்ற புயல் அடித்தது. முந்திரி வியாபாரியின் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. ஊரெல்லாம் கம்பங்கள் விழுந்து, கரண்ட் இல்லை, போன் இல்லை. வாசலில் டெலிபோன் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. 'லைன் கட்டாயிடுச்சு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதும் சிரிப்பு வரவில்லை. இருட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன்.

அடுத்த பொங்கலுக்குச் சிதம்பரத்தில் நடக்க வேண்டிய போட்டி புயலால் தள்ளிப்போய், மார்ச்சில் கடலூரிலேயே நடந்தது. மூத்த உறுப்பினர் என்று என்னைக் கோப்பை கொடுக்கக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, இந்தக் கட்டுரையின் முதல் பாராவில் எழுதியதை அப்படியே சொன்னேன். வேண்டுமென்றே சாய்த்தேன் என்றேன். அந்த அம்மாள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எதிர்பார்க்காதது அது. முந்திரி வியாபாரி மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. அந்தக்கா மேல இருக்கிற பழிய எடுக்க உங்க மேல போட்டுக்கிட்டீங்களே."

"யோவ், நெசமாத்தான்யா சொல்றேன்."

"புரியுது சார். எங்களுக்குப் புரியாதா?"

செயலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கலப்பில்லாத உண்மையைச் சொன்னேன். அதற்கு இன்னொரு பரிசு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு காரியம் மட்டும் நடந்தது. அவரை மறுபடி சீட்டறைக்கு அழைத்து ஒரு தீர்மானம் போட்டார்கள். அதையும் எழுதியவன் நான்தான்.

தீர்மானத்தையும் கோப்பையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தங்கை கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். எக்சேஞ்ச் அம்மா ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை முன் உட்கார்ந்திருந்தார். மேசையில் சீட்டுகளை வரிசை வரிசையாக அடுக்கித் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் கோபம் எதையும் காணோம்.

"வாங்க வக்கீல் சார். எனக்கு இப்ப சுத்தமாக் கேக்குறதில்ல." ஒரு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க, நான் பேசுறேன். டிரங்க் கால் மாதிரி வச்சுக்குவோம். மூணு நிமிஷத்துல கட் பண்ணமாட்டேன், பயப்படாதீங்க."

எத்தனையோ வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை எழுதி அடித்தேன். கடைசியில் ஒரு வரி. 'ஆட்டின் ராணியை நான் வேண்டுமென்றே சாய்த்தேன்.'

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தெரியும் சார்."

நான் நிமிர்ந்தேன்.

"மணிக்கட்டு திரும்புனத பாத்தேன். ரெண்டு வருஷம் உங்க எதிர்ல உக்காந்து ஆடியிருக்கேன். உங்க கை எப்பிடிப் போவும், எப்பிடிப் போவாதுன்னு தெரியாதா?"

'ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?' என்று எழுதினேன்.

"சீட்டு கண்ணுல பட்டா சொல்லிடலாம். மனுஷன் கண்ணுல பட்டா எப்பிடிச் சொல்றது? அது லைன்ல காதுல விழுந்த மாதிரி சார். சொல்லக்கூடாது."

துணிப்பையிலிருந்து கோப்பையை எடுத்து வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பேரு வெட்டியிருக்கு. நான் இத வச்சி இன்னா பண்றது, தொவரம் பருப்பு கொட்டி வைக்கவா?" என்று என் பக்கமே நகர்த்தினார். தீர்மானத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு நாலாக மடித்தார். "நீங்க எழுதுனதுதான? முன்ன வந்த லெட்டரும் உங்க எழுத்துதான். நல்லா எழுதுறீங்க சார்." அதில் குத்தல் இல்லை. இருந்திருக்கலாம்.

என்ன செய்வதென்று தெரியாமல், 'ஒரு ஆட்டம் ஆடலாமா?' என்று எழுதினேன்.

அவர் மேசையில் பரப்பியிருந்த சீட்டுகளைப் பார்த்தார்.

"வேணாம் சார். இப்ப என் ஆட்டம் சரியில்ல." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுத ஒண்ணு பாத்துட்டேன். என்னுத ஒண்ணு காட்டாம அனுப்பக்கூடாது" என்றார். கவிழ்த்து வைத்திருந்த சீட்டு ஒன்றின் மேல் விரலை வைத்தார். "தனியா அடுக்குறேன்ல, முடியாமப் போறப்போ இத தூக்கிப் பாத்துடுறேன். மொதல்ல என்னைக்காவது ஒரு தரம். இப்ப தெனமும். எதிர்ல ஒரு ஆளு இருந்தா சொல்லியிருப்பேன். செவுத்துகிட்ட போயி இன்னான்னு சொல்றது?"

நோட்டு திறந்துதான் இருந்தது.

அவர் சீட்டுகளைக் கூட்டத் தொடங்கினார். நான் கையை நீட்டி அவற்றை வாங்கிக்கொண்டேன். மிச்சத்தையும் சேர்த்துக் கலைத்தேன். ஓரங்களைக் கட்டை விரலால் தட்டினேன். வயதாகிவிட்டது, செங்கல் மாதிரி வரவில்லை. மறுபடி தட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சீட்டுக்கட்டை மேசை நடுவில் வைத்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது சார்" என்றார்.

கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கட்டு நடுவிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானத்துக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. கோப்பையை இப்போது அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.